மாதப்பன் ஊட்டு த்ரீநாட்த்ரீ

மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. மாரமங்கலத்து வெள்ளையம்மாள் கடத்தல்காரி இல்லை. போன பார்லிமென்ட் எலெக்‌ஷன் சமயத்துல ஒரு பேப்பர்காரன், மலைப் பெண்ணிடம் தடை செய்யப்பட்ட ராணுவ ரைஃபிள்னு நாலு வரி போட்டான். கூடவே போட்டோவும் போட்டான். அந்த வரியை எழுதினவன் மலை ஏறி வந்தானா, அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா, ஒண்ணும் கிடையாது. போட்டோ மட்டும் அவங்க லைசென்ஸ் புக்குல இருந்த அதே போட்டோ. அது எப்படி அவன் கைக்குப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லலை.

என்ற பேரு செபாஸ்டின். சொந்த ஊரு ஏற்காடுதான். பட்டாளத்துல இருபத்திரண்டு வருசம் ஆர்மரர். ஆர்மரர்னா சுடறவன் இல்லீங்க, சுடற துப்பாக்கியைக் கழட்டி ரிப்பேர் பண்றவன். ரிட்டயர்டாகி வந்து இப்ப ஒரு பேங்க்ல கன்மேனா நிக்கறேன். சொந்த ரெட்டைக்குழல் துப்பாக்கி, சொந்த லைசென்ஸ். அது இருக்கற வரைக்கும்தான் அந்த வேலை. எனக்குக் கோவம் சீக்கிரம் வரும், அதை மறைக்கலை. பூசைக்கு சாமியார் ரெண்டு நிமிசம் பிந்தினாலும் வாட்சைப் பார்த்து முறைக்கற ஆளு இவருன்னு என்ற சம்சாரம் லூர்துசெல்வி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. சொல்லட்டும். இந்த விசயத்துல கோவம் வரலைன்னா உப்புப் போட்டுச் சோறு தின்னு என்ன பிரயோசனம்?

அந்தத் துப்பாக்கி என்னன்னு தெரிஞ்சாத்தான் நடந்த அநியாயம் புரியும். எங்க மலையில பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வச்சிருக்கறவங்க கையில பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கிதான், குழல் வாய் வழியா மருந்தைப் போட்டு இடிக்கறது. வெள்ளையம்மாளோட ஊட்டுக்காரன் மாதப்பன்கிட்ட இருந்தது வேற. வெளியில பார்த்தா அச்சு அசல் பழைய பட்டாளத்து ரைஃபிள், த்ரீநாட்த்ரீ. குழல் மூக்கு வரைக்கும் கட்டை, பின்னாடி பித்தளைத் தகடு, பக்கத்துல தோட்டாவைத் தள்ளி அடைக்கற போல்ட். ஆனா உள்ளே அது இல்லை. வங்காளத்துல இச்சாப்பூர்ல வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கி பேக்டரி ஒண்ணு இருக்குது. அங்கே பட்டாளத்து ரைஃபிளோட உடம்பையே வச்சு இன்னொரு ஜாதித் துப்பாக்கி பண்ணினாங்க. ரைஃபிள் குழலுக்குள்ள குண்டைச் சுத்தி விடற மரை இருக்கும். இதுல மரையே இருக்காது, வழவழன்னு இருக்கும். அதோட ஓட்டை ஏழரை மில்லி சொச்சம், இதோட ஓட்டை பத்து மில்லிக்கு மேல. தோட்டா அடுக்கற மேகசின்ல ஒரு மரக்கட்டையை வச்சு அடைச்சிருப்பாங்க. பத்து குண்டு போடற துப்பாக்கியை ஒத்தைக் குண்டுத் துப்பாக்கியா ஆக்கிப்போட்டாங்க. பேரு நானூத்திப்பத்து மஸ்கட்.

எதுக்காக இப்படிப் பண்ணினாங்கன்னு கேளுங்க. போலீசுக்கும் ஜெயில் வார்டருக்கும் குடுக்கறதுக்கு. நம்மாளு கையில முழு ரைஃபிளைக் குடுத்தா என்னைக்காவது திருப்பிப் புடிச்சிருவானோன்னு வெள்ளைக்காரனுக்குப் பயம். எவனாவது புடுங்கிக்கிட்டுப் போனாலும் பட்டாளத்துத் தோட்டா அதுக்கு ஒத்து வராது. எங்க ட்ரெயினிங்ல வாத்தியார் இப்படித்தான் சொன்னாரு. காவலுக்கு நம்மாளு வேணும், நம்பிக்கை மட்டும் கிடையாது. அதைக் கேட்ட அன்னைக்கே எனக்கு ஆத்திரமா வந்துச்சு. இப்ப அந்த மஸ்கட்டுங்க எல்லாம் கழிச்சுப் போட்டாச்சு. வெளியாளு கையில லைசென்சோட நான் பார்த்தது மாதப்பன் ஊட்டுல மட்டுந்தான்.

மாதப்பனோட அப்பா செங்கோடன் ஒரு வெள்ளைக்காரத் துரையோட காப்பி எஸ்டேட்டுல வாட்ச்மேன். துரை அந்த மஸ்கட்டை ஏலத்துல எடுத்தாரு. எஸ்டேட்டை வித்துட்டுப் போகும்போது முறையாப் பேப்பர் மாத்தி செங்கோடனுக்கே குடுத்துட்டுப் போனாரு. அவருக்கப்புறம் மாதப்பனுக்கு. மாதப்பன் என்ற கூட்டாளி.

இனிமே சொல்றது எனக்கு நல்ல பேரு வாங்கித் தர்ற சமாச்சாரம் இல்லை. தொண்ணூத்தெட்டுல லீவுல வந்திருந்தேன். மே மாசம், சேர்வராயன் கோயில் திருவிழா. நாலஞ்சு பேரு உட்கார்ந்து மாதப்பனை ஓட்டிக்கிட்டு இருந்தானுங்க, உன்ற துப்பாக்கி ஜெயில் வார்டர் துப்பாக்கியாமே, ஒரு குண்டுக்கு மேல புடிக்காதாமேன்னு. மாதப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் பொறுக்கலை. பட்டாளத்துக்காரன் பேச்சுக்கு அப்ப மலையில மரியாதை. அட போங்கடா, இது த்ரீநாட்த்ரீ, நாங்க சண்டைக்குத் தூக்கிட்டுப் போன துப்பாக்கி, உங்க அப்பனுங்க கண்ணால பார்த்திருப்பானுங்களான்னு ஒரு போடு போட்டேன். அன்னைக்கு மாதப்பன் ஊட்டுல எனக்குச் சேவல் அடிச்சுக் கொழம்பு.

சாப்பிடும்போது அவன் கேட்டான், அப்புறம் எதுக்கு அந்த மரக்கட்டைன்னு. உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனசு வரலை. ஊட்டுல வச்சிருக்கற துப்பாக்கிக்குப் பாதுகாப்புக்கு அடைச்சிருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். அன்னையிலிருந்து அந்த ஊட்டுல அதுக்கு த்ரீநாட்த்ரீன்னுதான் பேரு. பொண்டாட்டி புள்ளைங்க வரைக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க. லைசென்ஸ் புக்குல இங்கிலீஷ்ல மஸ்கட்னு இருந்ததை யாரும் படிச்சுப் பார்க்கலை.

ஒன்பது வருசத்துக்கு முன்னாடி மாதப்பனைக் காட்டுமாடு குத்திப்போட்டுச்சு. விடிகாலையில மிளகுக் கொடியைப் பார்க்கப் போனவன், காப்பிச் செடிக்கு நடுவுல நின்ன மாட்டைப் பார்க்கலை. அன்னைக்குன்னு பார்த்துத் துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போகலை. ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கறதுக்குள்ள உசிரு போயிருச்சு.

வெள்ளையம்மாக்கா மூணாம் மாசமே துப்பாக்கி லைசென்சைத் தன் பேருக்கு மாத்தோணும்னு கிளம்பிட்டாங்க. அதுக்கு நாலு வருசம் ஆச்சு, நம்புவீங்களா? வி.ஏ.ஓ. ஆபீசு, தாலுகா ஆபீசு, ஸ்டேஷன், பாரஸ்ட் ஆபீசு, சேலம் ஆபீசு. அடிவாரம் இறங்கி ஏறி அவங்க போன பஸ்ஸை எண்ணி மாளாது. பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கின்னு ஒரு ஆபீசர் கேட்டாராம். காட்டுமாட்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்களேன்னு இவங்க சொல்லியிருக்காங்க. இன்னொருத்தர் மவனை வரச் சொல்லுங்கன்னாராம். மவன் கோயமுத்தூர்ல இருக்கறானுங்க, காப்பிக் காடு இங்கே இருக்குதுங்கன்னு சொன்னாங்களாம். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு, ஆனா ஒரு பேப்பரையும் படிக்காமக் கையெழுத்துப் போட மாட்டாங்க. தமிழ்ல இருந்தா எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க, எவ்வளவு நேரமானாலும் சரி.

கடைசியில புக்கு வந்துச்சு. வெள்ளையம்மாள், கணவர் பெயர் மாதப்பன் லேட், போட்டோ, சீல். அன்னைக்கு பேங்க் வாசலுக்கே கொண்டாந்து காட்டினாங்க. பூமி பட்டா இன்னும் மாமனார் செங்கோடன் பேர்ல இருக்குது. ஊட்டு வரி மாதப்பன் பேர்ல வருது. இந்த உலகத்துல என்ற பேரு போட்டு என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான் தம்பின்னு சொன்னாங்க. அதை மஞ்சப் பையில போட்டுப் பொட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. துப்பாக்கியை எடுக்கறதுன்னா மாடு காப்பிக் காட்டுக்குள்ள எறங்கற நாள்ல சாயங்காலம் ஒரு வெடி, விடியறப்ப ஒரு வெடி, ரெண்டும் ஆகாசத்தைப் பார்த்து. ஒரு உசிரைக் கொன்னதில்லை.

எலெக்‌ஷன் வந்தா எங்க மலையில ஒரு வழக்கம். தேதி அறிவிச்ச உடனே லைசென்ஸ் வச்சிருக்கறவன் எல்லாம் துப்பாக்கியைச் சாக்குல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடப்பான். ரசீது வாங்கிட்டு வந்து, ரிசல்ட்டுக்கு அப்புறம் போய்த் திருப்பி வாங்கிக்குவான். பேங்க் கன்மேனுக்கு மட்டும் விலக்கு உண்டு. செங்கோடன் காலத்துலருந்து அந்த மஸ்கட்டு எத்தனை எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன் சுவத்துல சாஞ்சு நின்னிருக்கும். புக்குல இருக்கற நம்பரையும் துப்பாக்கியில இருக்கற நம்பரையும் ஒத்துப் பார்ப்பாங்க, முடிஞ்சுது.

இந்தத் தடவை புது இன்ஸ்பெக்டர், புது ஃபாரம். அதுல என்ன வகைத் துப்பாக்கின்னு ஒரு கட்டம். எழுத உட்கார்ந்த சின்ன வயசு போலீஸ்காரர், என்ன துப்பாக்கிங்கம்மான்னு கேட்டாரு. இவங்க பெருமையா த்ரீநாட்த்ரீங்கன்னு சொன்னாங்க. அவரு அப்படியே எழுதினாரு, கீழே இவங்க கையெழுத்து. என் நாக்குல வந்த பொய் இருபத்தாறு வருசம் கழிச்சு அவங்க கையெழுத்தோட கவர்ன்மென்ட் பேப்பர்ல ஏறிருச்சு.

ரிசல்ட் வந்துச்சு. நாட்டுத் துப்பாக்கிக்காரங்க எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. வெள்ளையம்மாக்காவுக்கு மட்டும் குடுக்கலை. புக்குல மஸ்கட், நீங்களே எழுதிக் குடுத்தது த்ரீநாட்த்ரீ, அப்போ நிஜமான மஸ்கட்டை வித்துப்போட்டு ராணுவ ரைஃபிளை மாத்தி வச்சிருக்கீங்க, இது தடை செஞ்ச துப்பாக்கின்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. நம்பர் ஒத்துப்போகுதேன்னு கேட்டதுக்கு நம்பரை எவன் வேணாலும் கொத்தலாம்னாராம். ஏனுங்க, அவங்க அதோட சேர்த்து ஒப்படைச்ச நாலு தோட்டாவும் நானூத்திப்பத்து. த்ரீநாட்த்ரீ கடத்தறவ நானூத்திப்பத்துத் தோட்டா வாங்கி வச்சிருப்பாளா? ஒரு தடவை போல்ட்டைக் கழட்டிக் குழலுக்குள்ள கண்ணை வச்சிருந்தா முடிஞ்சு போற விசயம். அந்த ஒரு நிமிசம் அந்த ஆபீசுல யாருக்கும் கிடைக்கலை. பேப்பர்காரனுக்கு போட்டோ குடுக்க மட்டும் நேரம் கிடைச்சிருக்குது.

அக்கா என்னைத் துணைக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நாங்க போறப்ப மேசை மேல ஒரு பேப்பர் தயாரா இருந்துச்சு. இந்தத் துப்பாக்கியை நானாக முன்வந்து அரசிடம் ஒப்படைக்கிறேன், திரும்பக் கோர மாட்டேன்னு எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாங்க. போட்டுட்டீங்கன்னா கேஸ் இல்லைம்மா, ஊட்டுக்குப் போலாம்னு இன்ஸ்பெக்டர் தன்மையாத்தான் சொன்னாரு. அந்தத் தன்மைதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

நான் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினேன். போல்ட்டை உருவினேன். சுவத்து போர்டுல எழுதறதுக்கு வச்சிருந்த சாக்பீஸ்ல முழுசா ஒண்ணை எடுத்து, தடிச்ச முனையைக் கீழே விட்டு, பின்பக்கமாப் போட்டேன். அது சரசரன்னு இறங்கி மேசையில விழுந்துச்சு. சார், த்ரீநாட்த்ரீ குழல்ல இந்த சாக்பீஸ் வாசல்லயே நின்னுக்கும், இது மஸ்கட்டுன்னு சொன்னேன். உள்ளே மரை இருக்குதான்னு பாருங்கன்னு குழலை வெளிச்சத்துக்குத் தூக்கினேன். மரக்கட்டையைக் காட்டினேன். அந்தச் சின்ன போலீஸ்காரர் எட்டிப் பார்த்துட்டு ஆமாங்க சார்னு சொல்லிட்டாரு. இன்ஸ்பெக்டர் குழலைப் பார்க்கலை. என்னைத்தான் பார்த்தாரு.

"நீ பேங்க் கன்மேன்தானே? உன் லைசென்ஸ் ரினீவல் எப்போ?"

ரினீவல் அடுத்த வருசம். அது இந்த ஸ்டேஷன் ரிப்போர்ட் இல்லாம நடக்காது. அடுத்து, இந்த அம்மாவுக்கு த்ரீநாட்த்ரீன்னு சொல்லிக் குடுத்தது யாருன்னு கேட்பாரோன்னு பயம். துப்பாக்கி பத்திப் பொய்த் தகவல் பரப்பினவன்னு ஒரு வரி எழுதினாப் போதும், என்ற வேலை காலி. துப்பாக்கியை மெதுவா மேசையில வச்சுட்டு நின்னேன்.

வெள்ளையம்மாக்கா அந்தப் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டே இருந்தாங்க. முழுசாப் படிச்சு முடிச்சுட்டுத் திருப்பி வச்சாங்க.

"ஏனுங்க, நானா முன்வந்து குடுக்கறேன்னு இதுல போட்டிருக்குதுங்க. நான் முன்வரலீங்களே. எலெக்‌ஷனுக்கு வைக்கச் சொன்னீங்க, வச்சேன். எலெக்‌ஷன் முடிஞ்சுதுங்க, குடுங்க."

கையெழுத்துப் போடலை. சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பறோம், ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கிடைக்காதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கண்ணு முன்னாடி விழுந்த சாக்பீஸை நம்ப முடியாதாம், சென்னையிலிருந்து சீல் வச்ச கவர் வந்தாத்தான் நம்புவாங்களாம். ஊருக்கு இளைச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க.

ரிப்போர்ட் வர ஒரு வருசம் ஆச்சு. அந்த வருசம் மாடுங்களுக்குக் கொண்டாட்டம். வெறும் தகரத் தட்டைத் தட்டினா எத்தனை நாளைக்கு ஓடும்? மூணாம் நாளே அதுங்களுக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. வேலியை ஒடச்சு, மிளகுக் கொடி ஏத்தின மரத்துல உடம்பைத் தேச்சுக் கொடியெல்லாம் அறுத்துப்போட்டுச்சுங்க. காப்பி பழுக்கற பருவத்துல வெயில் ஏறாம யாரும் காட்டுக்குள்ள கால் வைக்கலை. மாதப்பன் செத்த இடத்தைத் தாண்டித்தான் அக்கா பழம் பறிக்கப் போகோணும். வேலைக்கு வர்ற பொம்பளைங்க பேப்பர்ல வந்ததைப் படிச்சுட்டு, போலீஸ் கேஸ் இருக்கற ஊடுன்னு வராம நின்னுட்டாங்க. அக்கா தனியாப் பறிச்சாங்க. அதுல பாதி செடியிலேயே காய்ஞ்சு உதிர்ந்துச்சு. நான் லீவு நாள்ல போய் நிப்பேன், என்ற ரெட்டைக்குழலைக் கொண்டு போக முடியாது, அது பேங்குக்குன்னு குடுத்தது. வெறுங்கையோட போய் நின்னு ஸ்டேஷனைத் திட்டுவேன், பேப்பர்காரனைத் திட்டுவேன். அக்கா பழத்தைப் பறிச்சுக்கிட்டே இருப்பாங்க. நான் யாரைத் திட்டலைன்னு லூர்துசெல்விக்குத் தெரியும். அவ ஒரு நாள் கேட்டும்போட்டா. இவ்வளவு நியாயம் பேசறீங்களே, அந்தப் பேரை வச்சது நான்தான்னு எழுதிக் குடுங்களேன்னா. பொண்ணு காலேஜ் பீசை யாரு கட்டுவான்னு அவளையே திருப்பிக் கேட்டேன்.

ரிப்போர்ட் வந்து சேலத்துல ஒரு ஆபீசுல விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. துணைக்கு நான். பெண் ஆபீசர், மரியாதையா உட்காரச் சொன்னாங்க. மரையில்லாத மஸ்கட்தான், மாத்தின துப்பாக்கி இல்லை, நம்பரும் அசல் நம்பர்தான்னு ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டினாங்க. ஒரு வருசம் ஒரு பொம்பளையைக் காட்டுமாட்டுக்கு முன்னாடி வெறுங்கையா நிறுத்தி வச்சுட்டு, ரெண்டு நிமிசத்துல படிச்சு முடிச்சுட்டாங்க. ஒரு வருத்தம் தெரிவிக்கறோம் கிடையாது. அதோட விடலை. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமக் குழியும் பறிச்ச கதையா, அடுத்ததை ஆரம்பிச்சாங்க. நீங்களே த்ரீநாட்த்ரீன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அது பொய்த் தகவல், அதுக்கு விளக்கம் இல்லாம இந்த பைலை மூட முடியாதுன்னாங்க. தெரிஞ்சே சொல்லியிருந்தா லைசென்ஸ் ரத்து. வேற யாராவது சொல்லி நம்பியிருந்தா, அது யாருன்னு எழுதிக் குடுத்துட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கலாம்.

"யாரும்மா உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

என்ற நாற்காலிக்கும் அக்கா நாற்காலிக்கும் நடுவுல ஒரு முழம் கூட இல்லை. நான்தாங்க மேடம்னு சொல்ல ரெண்டு வார்த்தை போதும். பேங்க் வாசல்ல, டீக்கடையில, சர்ச்சு முன்னாடி எத்தனை ஆயிரம் வார்த்தை பேசியிருப்பேன் இதைப் பத்தி. அங்கே மேசை மேல இருந்த ரிப்போர்ட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்புவாங்கன்னு நெனச்சேன். திரும்பலை. தன் கையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க.

"என்ற ஊட்டுக்காரருங்க. இப்ப உசிரோட இல்லீங்க."

அதை எழுதினாங்க. மறைந்த மாதப்பன் என்பவர் தன் மனைவிக்குப் பொய்யான தகவல் அளித்து வந்துள்ளார் என்று விசாரணையில் தெரியவருகிறது. அக்கா ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி அதை முழுசாப் படிச்சாங்க. பொய்யானங்கற வார்த்தைகிட்ட கொஞ்ச நேரம் விரல் நின்னுச்சு. அப்புறம் கையெழுத்துப் போட்டாங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல பக்கத்து சீட்டு. அடிவாரம் தாண்டி ரெண்டு வளைவு ஏறினதுக்கு அப்புறம், நான் சொல்லியிருக்கோணுங்கக்கான்னு ஆரம்பிச்சேன். நீ சொன்னா உன்ற வேலை போயிரும் தம்பி, புள்ளை படிக்குது, செத்தவருக்கு என்ன வேலை போகப்போகுதுன்னாங்க. கோவமே இல்லை குரல்ல. அவங்க ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா எனக்கு எவ்வளவோ தேவலையா இருந்திருக்கும். கடைசி வளைவுகிட்ட வர்றப்ப என் பக்கம் திரும்பினாங்க.

"அந்த மனுசன் ஒருத்தருகிட்டயும் பொய் பேசினதில்லை. இந்த வருசம் அவரு திதிக்கு நீ வர வேண்டாம் சாமி."

மறுநாள் துப்பாக்கியைச் சாக்குல சுத்தி வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் எட்டு வருசமும் அந்தத் திதிக்குப் போயிருக்கேன். வேற சாமி கும்பிடறவன்னு பார்க்காம மொத எலையை எனக்குத்தான் போடுவாங்க. போன மாசம் திதி வந்துச்சு. அன்னைக்கு லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க, நான் கேட்கலை. பத்து மணிக்கு ரெட்டைக்குழலை மாட்டிக்கிட்டு பேங்க் வாசல்ல நின்னேன்.